மைக்குக்கு முன்னும் மலையிலும்: ஒரு வானொலி அறிவிப்பாளரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஸ்ஸில், கல்யாண வீட்டில், மருந்துக் கடை வாசலில் என் குரலை அடையாளம் கண்டுகொண்டு பேச வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நின்ற இடத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன். வானொலிக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளுக்காகச் சில பதில்கள் நீளமாக இருக்கும்.

வானொலியில் உங்கள் வேலை என்ன?

கொடைக்கானல் ஆகாசவாணியில், எல்லோரும் கோடை பண்பலை என்று சொல்லும் 100.5 மெகாஹெர்ட்ஸில், நான் பகுதிநேர அறிவிப்பாளர். நிலையத்துக்குள் 'கேஷுவல் அனௌன்சர்' என்பார்கள். பாடல்களை அறிவிப்பேன், நேரம் சொல்வேன், நேரலையில் அழைக்கும் நேயர்களோடு பேசுவேன், பேட்டிகள் எடுப்பேன். இவை வெளியே கேட்பவை. வெளியே கேட்காத பெரிய வேலை, எது தடைபட்டாலும் ஒலிபரப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது.

அப்படியென்றால் அரசாங்க உத்தியோகம்தானே?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த நினைப்போடு வருகிறவர்கள் மனம் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் 1997 நவம்பர் முதல் பிரசார் பாரதி என்ற அமைப்பின் கீழ் இயங்குகின்றன. அங்கே நிரந்தர ஊழியர்கள் உண்டு. நாங்கள் அவர்கள் இல்லை. எங்கள் பெயர் ஒரு பட்டியலில் இருக்கும். தேவைக்கேற்ப ட்யூட்டி போடுவார்கள். மாதத்துக்கு ஆறு ட்யூட்டிக்கு மேல் கிடையாது என்பது நெடுங்கால வழக்கம். செய்த ட்யூட்டிக்கு மட்டும் பணம். ஓய்வூதியம், சம்பள உயர்வு எதுவும் கிடையாது. நிரந்தர அறிவிப்பாளராக ஆள் எடுப்பது மிகவும் அரிதாகிவிட்டதால், இன்று நாடு முழுக்க நீங்கள் கேட்கும் ஆகாசவாணிக் குரல்களில் பெரும்பகுதி எங்களைப் போன்றவர்களுடையது.

எப்படி இந்த வழிக்கு வந்தீர்கள்?

எங்கள் குடும்பம் கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் பீன்ஸும் போடுகிற குடும்பம். தோட்டத்தில் களை எடுக்கும்போது வரப்பில் ஒரு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டே இருக்கும். பாட்டைவிட, பாட்டுக்கு நடுவில் பேசுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கண். அவர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். அப்பா திட்டியதில்லை. அந்தக் குரல் விலாசம் சொன்னால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வார்.

கல்லூரிக்காகக் காந்திகிராமம் போனேன். அங்கே படிக்கும்போது மதுரை வானொலியில் இளைஞர்களுக்கான இளையபாரதம் நிகழ்ச்சியில் கலந்துகொள்ள எங்கள் வகுப்பிலிருந்து சிலரை அழைத்துப் போனார்கள். மலை விவசாயத்தைப் பற்றி ஐந்து நிமிடப் பேச்சு. எழுதிக் கொண்டுபோனதை அந்த நிகழ்ச்சியின் பொறுப்பாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் உங்க ஊர் எங்கம்மா இருக்கு? புத்தகம் மட்டும்தானே இருக்கு" என்று கேட்டார். வெளியே மர நிழலில் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். பூண்டை ஏன் பறித்த உடனே விற்காமல் புகைமூட்டம் உள்ள இடத்தில் கட்டித் தொங்கவிடுகிறோம், வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் மூட்டையில் எந்தப் பல் முன்னால் தெரியும்படி கட்டுவார்கள் என்று நான் கண்ணால் பார்த்ததை எழுதினேன். அதுதான் ஒலிபரப்பானது. வானொலியில் இன்றுவரை நான் செய்வதெல்லாம் அவர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்த பிறகு, பகுதிநேர அறிவிப்பாளர்கள் தேவை என்ற அறிவிப்பை வானொலியிலேயே கேட்டு விண்ணப்பித்தேன்.

தேர்வு எப்படி நடக்கும்?

நிலையத்துக்கு நிலையம், ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் இருக்கும். ஆனால் பொதுவாக மூன்று கட்டம்: எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, நேர்காணல். பட்டப்படிப்பு கேட்பார்கள். நிலையம் இருக்கும் பகுதியில் குடியிருப்பவர்களுக்கே பெரும்பாலும் வாய்ப்பு.

எழுத்துத் தேர்வில் பொது அறிவும் மொழியும். அங்கேயே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். ஒற்றுப் பிழை இல்லாமல் ஒரு பக்கம் எழுதத் தெரியாதவரால் ஒரு மணி நேரம் பிழையில்லாமல் பேச முடியாது என்பது என் கருத்து. அதனால் அந்தத் தேர்வைக் குறை சொல்ல மாட்டேன்.

குரல் தேர்வில் உங்களை ஒரு ஒலிப்பதிவு அறையில் தனியாக உட்கார வைப்பார்கள். நடுவர்கள் கண்ணாடிக்கு அப்பால், உங்கள் முகத்தைப் பார்க்காமல், ஸ்பீக்கரில் வருவதை மட்டும் கேட்பார்கள். முன்பின் பார்த்திராத தாளைக் கையில் கொடுப்பார்கள். அதில் ஒரு செய்திப் பகுதி இருக்கும், உரையாடல் இருக்கும், இராகங்களின் பெயர்களும் வெளிநாட்டுத் தலைவர்களின் பெயர்களும் இருக்கும். ழகர ளகர லகரம் மூன்றும் ஒரே வரியில் வரும். பிறகு தாளை வாங்கிக்கொண்டு, ஒரு தலைப்பைச் சொல்லி, யோசிக்க நேரம் தராமல் பேசச் சொல்வார்கள்.

தேறியவர்களுக்கு 'வாணி' என்ற சான்றிதழ்ப் பயிற்சி உண்டு. ஒலிபரப்பு விதிகள், மைக்கைக் கையாளுதல், உச்சரிப்பு, நேரலையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது எல்லாம் அங்கேதான். எந்த மதத்தையும் சமூகத்தையும் புண்படுத்தக் கூடாது, கட்சி சார்ந்து பேசக் கூடாது, எந்தக் கடைக்கும் பொருளுக்கும் மறைமுகமாகக்கூட விளம்பரம் தரக் கூடாது. நேரலையில் ஒரு நேயர் தன் கடையின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால், அவர் மனம் நோகாமல் பேச்சைத் திருப்புவதும் பயிற்சியில் ஒரு பாடம்.

குரல் நன்றாக இருந்தால் போதுமா?

போதாது. கணீரென்ற குரல் உள்ளவர்கள் பலர் குரல் தேர்விலேயே வெளியேறியதுண்டு. தங்கள் குரலைத் தாங்களே கேட்டு ரசித்துக்கொண்டு பேசுகிறார்கள். கேட்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

சாதாரணக் குரலாக இருக்கட்டும். யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்திருந்தால் அது நிற்கும். நான் மைக் முன் உட்காரும்போது லட்சம் பேரை நினைப்பதில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் விடியும் முன் தக்காளிப் பெட்டி இறக்குகிறவர், சின்னாளபட்டியில் தறியில் இருக்கிறவர், போடிமெட்டு ஏறும் ஜீப் டிரைவர், இவர்களில் ஒருவரை எதிரில் வைத்துக்கொள்வேன். அவருக்கு இப்போது கை ஓயாது, திரும்பி வந்து இன்னொரு முறை கேட்க மாட்டார். அதனால் வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும். தொலைபேசி எண்ணை இரண்டு முறை சொல்ல வேண்டும். நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

ஊர்ப் பெயர்கள் இன்னொன்று. எரியோடு, வேடசந்தூர், கிளாவரை, தாண்டிக்குடி, பெரும்பாறை என்று பெயர்கள் வரும்போது தடுமாறாமல் சொன்னால், அந்த ஊர்க்காரர் 'இது நம்ம ஆள்' என்று நிமிர்ந்து கேட்பார். தவறாகச் சொன்னால் அடுத்த வாரம் கடிதம் வரும். வர வேண்டும்.

ஒரு ட்யூட்டியில் என்னென்ன நடக்கும்?

காலை ட்யூட்டி என்றால் விடியும் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். கொடைக்கானலில் அந்த நேரத்தில் மூடுபனிக்குள் காட்டுமாடு ரோட்டோரம் நிற்பது சாதாரணம். ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு விரட்டக் கூடாது. அதுவாக நகரும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அதற்காகவே அரை மணி முன்னதாகக் கிளம்புவேன்.

உள்ளே போனதும் பணி அலுவலரிடம் அன்றைய நிகழ்ச்சி வரிசைத் தாளான கியூ ஷீட்டை வாங்கி, ஒவ்வொரு நிகழ்ச்சியும் கம்ப்யூட்டரில் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஆரம்பத்தையும் முடிவையும் போட்டுக் கேட்பேன். முடிவைக் கேட்பது முக்கியம். பாதியில் அறுந்த பதிவு ஒன்று இருந்தால் அது நேரலையில்தான் தன்னைக் காட்டும். பிறகு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள், மைக், ஹெட்போன். ஒலிபரப்பு ஆரம்பிக்கும் முன் ஆகாசவாணியின் அடையாள இசை. நாஜிகளின் காலத்தில் ஐரோப்பாவை விட்டு வந்து பம்பாய் வானொலியில் பணிபுரிந்த வால்டர் காஃப்மன் 1930-களில் அமைத்தது என்பார்கள். எத்தனை முறை கேட்டாலும் அது ஒலிக்கும்போது நான் பேசமாட்டேன், தாளைப் புரட்டமாட்டேன்.

பிறகு மணிக்கணக்காக நேரத்தோடு ஓட்டம். வேறு நிலையத்திலிருந்து செய்தி அஞ்சல் செய்யப்படும் வினாடிக்கு முன் நம் பாட்டு முடிந்திருக்க வேண்டும். மூன்றரை நிமிடப் பாட்டுக்கு மூன்றே நிமிடம்தான் இருக்கிறது என்றால், அதைப் பாதியில் வெட்டுவதைவிட வேறு பாட்டுக்கு மாறுவதே மரியாதை. பாட்டை அறிவிக்கும்போது படத்தின் பெயர், பாடியவர்கள், இசையமைத்தவர், எழுதியவர் என நான்கும் சொல்வது பொது வானொலியின் பழைய பழக்கம். நேரம் நெருக்கும்போது பலர் முதலில் விட்டுவிடுவது பாடலாசிரியரை. நான் விடுவதில்லை. வரியை எழுதியவரின் பெயரைச் சொல்ல இந்த நாட்டில் மிச்சமிருக்கும் சில இடங்களில் வானொலி ஒன்று.

மலை மேல் இருக்கும் சின்ன ஊர் நிலையம் மதுரை, திருச்சிவரை எப்படிக் கேட்கிறது?

உயரம்தான் காரணம். பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைக்கும் இடத்தோடு அவற்றின் பலம் குறைந்துவிடும். ஆண்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் எட்டும். பொறியாளர்கள் ஒரு எளிய கணக்குச் சொல்வார்கள்: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் கட்டினால் 41 கிலோமீட்டர். கொடைக்கானல் சமவெளியைவிட சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே கணக்கில் 184 கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து மதுரை நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குள், திருச்சி 150-க்குள். கரூரும் தேனியும் இதற்குள் அடங்கிவிடும். இந்தக் கோபுரத்தைப் பழனி மலைத்தொடரே தூக்கிப் பிடித்திருக்கிறது.

இதில் எனக்கு வருத்தமான ஒரு பக்கமும் உண்டு. நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும் நிலையம், இதே மலையில் ஒரு முகட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு இரைச்சலோடு வரலாம். அலைக்கு மலை குறுக்கே நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ரேடியோவைச் சன்னலோரம் வைத்து, ஏரியலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நெட் கிடைத்தால் பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் கேட்கலாம்.

தனியார் எஃப்.எம்.முக்குப் போயிருந்தால் இன்னும் சம்பாதித்திருக்கலாமே?

சம்பாதித்திருக்கலாம். அங்கே இருக்கும் நண்பர்கள் கடுமையாக உழைக்கிறார்கள். அவர்களிடம் வேகத்தைக் கற்றுக்கொண்டேன். ஆனால் விளம்பரதாரருக்குப் பயன்படாத நேயர் என்று ஒருவர் அங்கே உண்டு. வாங்கும் சக்தி இல்லாத கிழவி, நகரத்தைவிட்டு ஒதுங்கிய ஊர், காப்பிச் செடியில் துளைப்பான் விழுந்திருக்கிறது என்று கவலைப்படும் சிறு விவசாயி. பொது வானொலி அவர்களுக்காக நேரம் ஒதுக்கியாக வேண்டும். 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் சொல்லி, தஞ்சை விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். எந்தத் தைரியத்தில் ஒரு புதிய விதையை அவர்கள் நிலத்தில் போட்டார்கள்? தினமும் கேட்ட குரலின்மேல் இருந்த நம்பிக்கையில். அந்த நம்பிக்கை இன்னும் மிச்சமிருக்கும் இடத்தில் வேலை செய்ய விரும்பினேன்.

செய்தியும் ஒரு காரணம். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி இல்லை.

நேயர்கள் இன்னும் கடிதம் எழுதுகிறார்களா?

எழுதுகிறார்கள். வாட்ஸ்அப் வந்த பிறகு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அஞ்சலட்டையில் இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு குடும்பம் முழுவதன் பெயரையும் வரிசையாகப் போட்டு, கடைசியில் 'மற்றும் பாப்பா' என்று முடிப்பார்கள். அந்தப் பாப்பாவை வாசிக்காமல் விட்டுவிடக் கூடாது.

தொலைபேசியில் பேசும் வயதான அம்மாக்கள் "தாயி, சாப்பிட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இளையவர்களுக்கு நான் அக்கா. ஒரு முறை ஆண்டிபட்டிப் பக்கமிருந்து ஓர் ஐயா அழைத்து, விருப்பப் பாடல் எதுவும் வேண்டாம், பார்வை போய்விட்டது, நீ தினமும் வானம் எப்படி இருக்கிறது என்று சொல்லு, அது போதும் என்றார். அன்றிலிருந்து என் ட்யூட்டியில் நிலையத்துச் சன்னல் வழியே தெரிவதை இரண்டு வரி சொல்லிவிட்டுத்தான் முதல் பாட்டுக்குப் போவேன்.

யாருடைய குரலைக் கேட்டு வளர்ந்தீர்கள்?

டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமி அம்மா முதலில். தன் பெயரைச் சொல்லும்போதே வீடு அமைதியாகிவிடும். 2022-இல் அவர் காலமான செய்தி வந்தபோது எங்கள் அம்மா சொந்தக்காரர் இறந்ததுபோல் உட்கார்ந்துவிட்டார். இலங்கை வானொலியின் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரைப் பற்றி அப்பா ஓயாமல் சொல்வார். ஹமீத் அவர்களின் பேச்சில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றும், சேர்ந்து ஓடியும் வரும். தமிழ் உச்சரிப்பு பயில விரும்புகிறவர்கள் அவரது பழைய பதிவுகளைத் தேடிக் கேட்கலாம். அதைவிடச் சிறந்த பள்ளி எனக்குத் தெரியாது.

ஆறு ட்யூட்டி போக மற்ற நாட்களில்?

காலையில் தோட்டம், மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன். அறிவிப்பாளராக இருக்கும் பலர் இப்படித்தான்: ஆசிரியர், கடைக்காரர், தையல்காரர், இல்லத்தரசி. இந்த ஏற்பாட்டின் ஊதியம் போதாது, அதை மாற்ற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஆனால் ஒலிபெருக்கிக்கு அந்தப் பக்கம் வாழ்கிறவர்கள் வந்து மைக் முன் உட்காருவது நல்லது என்றும் அதே உறுதியோடு நினைக்கிறேன். பீன்ஸ் விலை விழுந்த வாரத்தில் விவசாயியிடம் எந்தத் தொனியில் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் அன்று அதே பேச்சு.

பொழுதுபோக்கு என்று ஏதாவது உண்டா?

இரண்டு. பறவைகள், சிற்றலை வானொலி.

பறவைகளை நான் கண்ணைவிடக் காதால்தான் அதிகம் தெரிந்துகொண்டேன். சோலைக்காட்டில் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, குரல் மட்டும் வரும். பழனிச் சிரிப்பான் என்ற பறவை மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பக்கத்து உச்சிப் பகுதிகளில், பழனி மலை, ஆனைமலை, ஏலமலை வட்டாரத்தில்தான் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. புதருக்குள் கூட்டமாகத் திரிந்துகொண்டு மாற்றி மாற்றிக் கூப்பிடும். இதன் நெருங்கிய உறவான இன்னொரு சிரிப்பான் நீலகிரியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய். அந்தத் தாழ்வான இடைவெளியைக் கடக்க முடியாமல் பிரிந்து நின்று தனித்தனி இனங்களானவை.

எனக்கு மிகவும் பிடித்தது சீகாரப் பூங்குருவி. கருநீலப் பறவை, ஓடைக் கரைகளில் இருக்கும். மழைக்காலத்தில் விடியற்காலையில் ஒரு மனிதர் யோசித்து யோசித்துச் சீழ்க்கை அடிப்பதுபோல் பாடும். ராகத்தை ஆரம்பித்துவிட்டு எங்கே முடிப்பது என்று தெரியாமல் அலையும். பேச்சில் இடைவெளி விடக் கற்றுக்கொள்ள விரும்பும் அறிவிப்பாளர்கள் அதைக் கேட்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் நின்று கால் மணி நேரம் எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். கொடைக்கானல் வருகிறவர்கள் கடைத்தெருவோடு திரும்பாமல் இதையும் செய்து பார்க்கலாம். ஒன்று மட்டும்: வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம். 2013-இல் இந்தப் பகுதி காட்டுயிர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும்?

பறவை பற்றிப் பேசினால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பெரிய அளவில் பூத்தது. அடுத்தது 2030. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூப்பதும், வேறு சுழற்சி கொண்ட மற்றக் குறிஞ்சி வகைகள் பூப்பதும் உண்டு. பூவைப் பறிக்காதீர்கள். பூத்து விதை விட்டபின் அந்தச் செடி மடிந்துவிடும். கீழே விழும் விதைதான் அடுத்த பூப்பு.

சிற்றலையில் என்ன சுவாரசியம்? இப்போது எல்லாம் நெட்டில் வருகிறதே?

நெட்டில் வருவது எனக்காக யாரோ கொண்டுவந்து கொடுப்பது. சிற்றலையில் வருவது வானம் கொண்டுவருவது.

சிற்றலை அலைகள் மேலே போய், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். அந்த மண்டலத்தை உருவாக்குவது சூரியன். சூரியன்மேல் கருந்திட்டுகளாகத் தெரியும் சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கொரு சுழற்சியில் கூடிக் குறையும். கூடும் ஆண்டுகளில் உயர்ந்த அலைவரிசைகளில் தொலைதூர நிலையங்கள் பகலில் நன்றாகக் கேட்கும். இந்த மலையில் இருப்பவருக்கு இதில் ஒரு தனி நெருக்கம் உண்டு. இதே ஊரில் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆய்வகம் 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இங்கேதான். அதை உலகம் எவர்ஷெட் விளைவு என்கிறது. ஒரு பக்கம் அவர்கள் சூரியனைப் படம் எடுக்கிறார்கள், இன்னொரு பக்கம் நான் அதன் பலனை ரேடியோவில் கேட்கிறேன்.

தமிழுக்கும் சிற்றலைக்கும் நீண்ட உறவு. பிபிசி தமிழோசை 1941-இல் தொடங்கி 2017-இல் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. சீன வானொலியின் தமிழ்ச் சேவை 1963-இல் தொடங்கியது. ஊர் ஊராக நேயர் மன்றம் வைத்து, கேட்டதைக் குறித்துக் கடிதம் எழுதிய தலைமுறை நம்மிடம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு நிலையத்தைக் கேட்டு, நேரம், அலைவரிசை, தெளிவு, நிகழ்ச்சி விவரங்களை எழுதி அனுப்பினால் அவர்கள் 'க்யூ.எஸ்.எல்.' என்ற அத்தாட்சி அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைகளை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். என் குரலை எங்கோ ஒருவர் இதே அக்கறையோடு கேட்டுக் குறித்துக்கொண்டிருப்பார் என்ற எண்ணம், சோர்வான ட்யூட்டி நாட்களில் முதுகை நிமிர்த்தி உட்கார வைக்கிறது.

குளிர்ப் பிரதேசத்தில் தொண்டையை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

வெந்நீர், நல்ல தூக்கம், கத்திப் பேசாமல் இருப்பது. ட்யூட்டிக்கு முன் பால் குடிக்க மாட்டேன், வாய் பிசுபிசுக்கும். மைக்குக்கு நேராக உட்காராமல் சற்றே சாய்ந்து பேசினால் பகர ஒலி வெடிக்காது. தொண்டை கட்டிவிட்டால் ட்யூட்டியை மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். இருமிக்கொண்டே பேசி நேயரைக் கவலைப்பட வைக்கக் கூடாது.

வானொலிக்கு எதிர்காலம் இருக்கிறதா?

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து ரோடு அடைபட்டது. பல ஊர்களில் கரண்டும் போனது, செல்போன் கோபுரமும் போனது. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பேசிய ஒரே பொருள் இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ. வயநாடு, நீலகிரி, பழனி என மலைச்சரிவுகளில் வாழ்கிறவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்தையும் நினைத்துப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு என் பதில் புரியும். ஒவ்வொரு மலை வீட்டிலும் ஒரு பேட்டரி ரேடியோ இருக்க வேண்டும்.

என் மகளுக்கு அறிவிப்பாளராக ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தினமும் செய்தித்தாளின் ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்து, செல்போனில் பதிந்து, மறுநாள் கேட்கச் சொல்லுங்கள். அன்றே கேட்டால் பிழை தெரியாது. வாசிக்கும் முன் எங்கே மூச்சு விட வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளட்டும். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பத்து நிமிடம் பேட்டி எடுக்கட்டும்; கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். அருகிலுள்ள நிலையத்தின் இளையோர் நிகழ்ச்சிக்கு எழுதிப் போடட்டும். பட்டப்படிப்பை எந்தக் காரணத்துக்காகவும் விட வேண்டாம். வயிற்றுப்பாட்டுக்கு இன்னொரு தொழிலைக் கையில் வைத்துக்கொள்ளட்டும், அதை வெட்கமாக நினைக்க வேண்டாம்.

பகுதிநேர அறிவிப்பாளர் தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிலைய ஒலிபரப்பிலும், நாளிதழிலும், பிரசார் பாரதி இணையதளத்திலும் வெளியாகும். பணம் கொடுத்தால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அப்படி ஒரு வழி கிடையாது.